பல்செட்டோடு பதினோர் ஆண்டுகள்

2014ஆம் ஆண்டு தை மாதத்தில் என் வாயில் எஞ்சியிருந்த ஏழு பற்களும் இரண்டு தவணையாகப் பிடுங்கப்பட்டன. அப்போது எனக்கு வயது அறுபத்து மூன்று. தமிழாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பற்களில் சொத்தை எதுவும் இல்லை. நாற்பது ஆண்டு வெற்றிலை பாக்குப் பழக்கமும் அதைவிட நீண்ட அலட்சியமும் சேர்ந்து ஈறுகளைக் கெடுத்துவிட்டதால், நல்ல பற்களே பிடிமானம் இழந்து ஆடத் தொடங்கிவிட்டன. கும்பகோணத்துக்காரனுக்கு வெற்றிலையைக் குறை சொல்ல வாய் வராது. ஆனால் பாக்கு வேறு கதை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேராத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. பல் மருத்துவர் அதைச் சொன்ன அன்றே நான் வெற்றிலைப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். பல் இல்லாதவனுக்கு அது பெரிய தியாகம் ஒன்றும் அல்ல.

பல் பிடுங்கிய இடம் ஆறவும் எலும்பின் விளிம்பு சற்று அடங்கவும் இரண்டரை மாதம் காத்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். உடனே பல்செட் கட்டிக்கொள்ளும் வழியும் உண்டு என்றாலும், ஈறு வற்ற வற்ற அந்தச் செட் தளர்ந்துவிடும் என்பதால் அவர் அதை விரும்பவில்லை. அந்த இரண்டரை மாதமும் குழைந்த ரசம் சாதமும் சாம்பாரில் ஊறிய இட்லியுமாகவே கழிந்தன. வெளியே போகும்போது துண்டால் வாயை மூடிக்கொள்வேன். கூச்சம் அங்கேதான் தொடங்கியது. பின்னால் நேர்ந்த பல தவறுகளுக்கு அந்தக் கூச்சமே வேர் என்பது எனக்குப் புரிய மூன்று ஆண்டுகள் ஆயின.

பல்செட் செய்ய ஐந்து முறை போகவேண்டியிருந்தது. முதல் நாள், பிசைந்த மாவு போன்ற ஒன்றை லாடவடிவத் தட்டில் நிரப்பி வாயில் அழுத்தி அச்சு எடுத்தார்கள். அது தொண்டைப் பக்கம் வழிந்து குமட்டியபோது, தலையை முன்னால் குனிந்து மூக்கால் மெல்ல மூச்சு விடச் சொன்னார்கள், குமட்டல் அடங்கிவிட்டது. இரண்டாம் முறை என் வாய்க்கென்றே செய்த தட்டின் விளிம்பில் பச்சை நிறக் குச்சி ஒன்றை நெருப்பில் உருக்கித் தடவி, உதட்டையும் கன்னத்தையும் இழுத்துப் பார்த்து, கடைசியில் கிராம்பு எண்ணெய் வாசம் வீசும் பசையால் நுணுக்கமான அச்சு எடுத்தார்கள். மூன்றாம் முறை மெழுகுத் திட்டுகளைக் கடிக்கவைத்து உயரம் பார்த்தார்கள். நான்காம் முறைதான் மெழுகில் பல் பதித்து வாயில் வைத்துப் பார்ப்பது. பல்லின் நிறத்தையோ வரிசையையோ மாற்ற விரும்பினால் அன்றே சொல்லிவிட வேண்டும். அச்சில் வார்த்த பிறகு சொல்லிப் பயன் இல்லை. நான் சினிமாக்காரர்களைப் போல வெள்ளை வெளேரென்று கேட்டிருந்தேன். உடன் வந்த என் மனைவி ஒரு கணம் பார்த்துவிட்டு, "இவ்வளவு வெள்ளை வேண்டாங்க. கல்யாண வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். மருத்துவர் சிரித்துக்கொண்டே சற்று மஞ்சள் சாயல் கொண்ட பற்களுக்கு மாற்றினார். மெழுகுப் பல் பார்க்கும் நாளில், உண்மையைச் சொல்லக்கூடிய ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

ஐந்தாம் முறை பல்செட் வாயில் ஏறியது. ஒரு வாரத்துக்கு எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. வாய் அதை உணவென்று நினைத்துக்கொள்கிறது போலும். மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடி, எச்சிலின் மெல்லிய படலத்தால் ஒட்டிக்கொண்டு நின்றது. கீழ் செட்டுக்கு அந்த வசதி கிடையாது. நாக்கு அசைய இடம் விட்டு லாடம்போல் வளைந்திருப்பதால் ஒட்டும் பரப்பு குறைவு; நாக்கு அதை எந்நேரமும் தள்ளிக்கொண்டும் இருக்கும். கீழ் செட்டோடு மல்லுக்கட்டாத பல்செட்காரரை நான் இதுவரை கண்டதில்லை. நாக்கின் நுனியைக் கீழ் முன்பற்களின் பின்புறம் தொட்டவாறு வைத்துக்கொள்ளப் பழகினால் செட் அடங்கியிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். அந்தப் பழக்கம் படிய ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

முதல் நாள் காப்பியில் பட்ட அனுபவம் மறக்கவில்லை. அண்ணம் மூடியிருப்பதால் சூடு தெரிவதில்லை. பித்தளை டபராவில் ஆற்றாமல் வாங்கிக் குடித்த டிகிரி காப்பி, வாயில் இதமாகத் தோன்றித் தொண்டையில் இறங்கும்போதுதான் கொதித்தது. அன்றிலிருந்து உதட்டில் தொட்டுச் சூடு பார்க்காமல் நான் எதையும் குடிப்பதில்லை.

மெல்லுவதையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. இயற்கைப் பல்லின் கடிவிசையில் நான்கில் ஒரு பங்கு பல்செட்டுக்கு இருந்தால் அதிகம். ஒரு பக்கமாக மென்றால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும் என்பதால், உணவைச் சிறு துண்டாக்கி இரண்டு கடைவாயிலும் பகிர்ந்து மெல்ல வேண்டும். முன்பல்லால் கொய்யாவைக் கடித்தால் மேல் செட்டின் பின்புறம் கழன்றுகொள்ளும். எதையும் கத்தியால் நறுக்கித்தான் சாப்பிட வேண்டும். சீடையையும் தட்டையையும் விட்டுவிட்டேன். முறுக்கை மட்டும் காப்பியில் நனைத்துச் சாப்பிடுகிறேன், யாரும் பார்க்காதபோது. எள்ளும் கத்தரி விதையும் செட்டுக்கு அடியில் புகுந்துகொண்டால் மணல் போல உறுத்தும் என்பதால், சாப்பிட்டவுடன் கழற்றிக் கொப்புளிக்க வேண்டும்.

பேச்சுதான் என்னை உண்மையில் கலங்க வைத்தது. அண்பல்லின், அதாவது மேல்வாய்ப் பல்லின், அடியை நாவின் நுனி பொருந்தத் தகரமும் நகரமும் பிறக்கும், மேற்பல் கீழிதழைத் தொட வகரம் பிறக்கும், அண்ணத்தை நுனிநா வருட ரகரமும் ழகரமும் பிறக்கும் என்று ஆண்டுதோறும் ஒன்பதாம் வகுப்பில் பாடம் சொன்னவன் நான். இப்போது அண்பல் என்னுடையதல்ல. அண்ணத்தின்மேல் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன ஒரு தகடு. சொன்ன இலக்கணம் எவ்வளவு சரி என்பது பல் போன பிறகுதான் நாவுக்கே தெரிந்தது. 'வாழைப்பழம்' என்றால் பழம் நசுங்கியது. 'சேவை' என்றால் சீழ்க்கை கேட்டது. தினமும் காலையில் அரை மணி நேரம் நாளிதழின் தலையங்கத்தை உரக்கப் படித்தேன். மூன்றாம் வாரத்தில் ழகரம் திரும்பிவிட்டது. சகரத்தில் சீழ்க்கை நிற்காததால் மருத்துவர் மேல் செட்டின் முன்புறத்தைச் சற்றுத் தேய்த்துக் கொடுத்தார். வெட்கப்பட்டுப் பேச்சைக் குறைத்தால் நாக்கு பழகும் நாளும் தள்ளிப்போகும்.

புண் வராமல் யாருக்கும் பல்செட் பொருந்துவதில்லை என்றே சொல்லலாம். எனக்குக் கீழ் ஈற்றின் வலது ஓரத்தில் வந்தது. வலிக்கிறதே என்று இரண்டு நாள் கழற்றி வைத்துவிட்டு மருத்துவரிடம் போனேன்; புண் ஆறிப்போயிருந்தது, எந்த இடம் அழுத்துகிறது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. "வரதுக்கு முந்தின நாள் போட்டுக்கிட்டே இருந்துட்டு வாங்க சார், அப்பதான் இடம் தெரியும்" என்றார். அடுத்த முறை அப்படியே போனேன். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. வீட்டில் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யும் தைரியசாலிகளை எனக்குத் தெரியும். அவர்கள் தேய்த்த இடம் பெரும்பாலும் தவறான இடம். இரண்டு வாரத்துக்கு மேலும் ஆறாத புண் இருந்தால், செட் பழுதோ இல்லையோ, வாயை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். என்னைப் போல முன்பு பாக்குப் போட்டவர்கள் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது.

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதன்று. செட் வாங்கிய நாளிலேயே, இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். நான் கழற்றவில்லை. பல்லில்லாமல் கன்னம் ஒட்டிய முகத்தை மனைவி பார்க்கக் கூடாது, விடுமுறைக்கு வரும் பேத்தி பயந்துவிடக் கூடாது என்ற எண்ணத்தில், மூன்று ஆண்டுகள் பல்செட்டோடேயே தூங்கினேன். விடியற்காலையில் மற்றவர்கள் எழுவதற்கு முன் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கைக்குக் கிடைத்த பற்பொடியைப் போட்டு அவசரமாகத் தேய்த்து மறுபடியும் மாட்டிக்கொள்வேன். பற்பொடி, சாம்பல், உப்பு, பற்பசை எல்லாமே அக்ரிலிக்கைக் கீறிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறல்களில் மஞ்சளும் காப்பிக் கறையும் கிருமியும் தங்கிக்கொள்ளும். மூன்று ஆண்டில் என் செட் பழைய பீங்கான் கோப்பையின் நிறத்துக்கு வந்துவிட்டது. நான் இன்னும் பலமாகத் தேய்த்தேன்.

2017இல் வேறு எதற்கோ மருத்துவரிடம் போனபோது அவர் மேல் செட்டைக் கழற்றச் சொல்லி, ஒன்றும் பேசாமல் கைக்கண்ணாடியைக் கொடுத்தார். என் அண்ணம் இரத்தச் சிவப்பாக இருந்தது. அந்தச் சிவப்பு கோடு போட்டதுபோல் தகட்டின் விளிம்பு முடிந்த இடத்திலேயே முடிந்து, அதற்கு அப்பால் தசை வழக்கமான இளஞ்சிவப்பில் இருந்தது. வலி துளியும் இல்லை. எனவே எனக்குத் தெரியவே இல்லை. கேண்டிடா என்னும் பூஞ்சை தகட்டின் உட்புறத்தில் படிந்து, காற்றும் எச்சிலும் படாத ஈற்றின்மேல் இரவும் பகலும் உட்கார்ந்திருந்ததன் விளைவு அது. எனக்கிருந்த சர்க்கரை நோய் அதற்குத் துணை போயிருக்கிறது. பூஞ்சைக்கு மருந்து தடவி, செட்டையும் சுத்தம் செய்து, இரவில் கட்டாயம் கழற்றி வைத்து வந்தபோது சில வாரங்களில் சிவப்பு மறைந்தது. ஜப்பானில் எண்பத்தைந்து வயதைத் தாண்டிய 524 முதியோரைப் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், பல்செட்டோடு தூங்குபவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்ததையும் மருத்துவர் எடுத்துச் சொன்னார். தூக்கத்தில் வாயிலிருக்கும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கக்கூடும் என்பதை அதுவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அன்றிரவு மனைவியிடம் சொல்லிவிட்டுக் கழற்றினேன். அவள் பார்த்தாள். "இதுக்கா மூணு வருஷமா கதவைச் சாத்திக்கிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு விளக்கை அணைத்தாள்.

பயந்தவன் அடுத்த பக்கம் சாய்வது இயல்பு. கிருமியைக் கொன்றே தீருவது என்று, பேத்தியின் பால் புட்டியைக் கொதிக்கவைத்த நினைப்பில், கொதிநீரை எடுத்துச் செட்டின்மேல் ஊற்றினேன். அக்ரிலிக் சூட்டில் உருமாறும். பார்வைக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. வாயில் வைத்தால் மேல் செட் ஆடியது, ஒட்டவே இல்லை. எவ்வளவு நெளிந்திருந்தாலும் அதை நிமிர்த்தும் வழி கிடையாது. புதுச் செட்டுக்கு ஆறாயிரம் ரூபாய் ஆயிற்று. சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும். வெதுவெதுப்பாகக்கூட இருக்கலாம், ஆனால் கை பொறுக்காத சூடு பல்செட்டுக்கும் ஆகாது.

அந்தப் புதுச் செட்டுக்கு நான் செய்துவரும் பராமரிப்பு இதுதான். ஒவ்வொரு வேளை சாப்பிட்டதும் கழற்றி அலசுவேன். இரவில் வாஷ்பேசினில் பாதியளவு தண்ணீர் நிரப்பி, அடியில் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் பிடித்துக்கொண்டுதான் தேய்ப்பேன். சோப்பு வழுக்கிக் கையிலிருந்து நழுவினாலும் பீங்கானில் மோதி உடையாது. பல்செட்டுக்கென்றே வைத்திருக்கும் மென்மையான பிரஷ்ஷில், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு, வெளிப்புறத்தைவிட ஈற்றோடு ஒட்டும் உட்புறத்தை நன்றாகத் தேய்க்க வேண்டும். பலரும் முன்பல்லைப் பளபளப்பாக்கிவிட்டு உட்புறத்தை மறந்துவிடுகிறார்கள். கீழ் செட்டை இரு நுனிகளையும் பிடித்து அழுத்தக் கூடாது, நடுவில் முறிந்துவிடும். பிறகு ஈரமான மெல்லிய துணியை விரலில் சுற்றி ஈறு, அண்ணம், நாக்கு மூன்றையும் துடைப்பேன். பல் இல்லாத வாயையும் துலக்க வேண்டும். செட்டை மூடியுள்ள டப்பாவில் முழுவதும் மூழ்கும்படி தண்ணீரில் வைத்துவிடுவேன், ஏனென்றால் அக்ரிலிக் காய்ந்தால் வடிவம் மாறும். அந்தத் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். வாரம் இரண்டு முறை, பல்செட்டுக்கென்று மருந்துக்கடையில் விற்கும் நுரைக்கும் மாத்திரையை அதில் போடுவேன். மாத்திரை போட்ட நாளில் காலையில் நன்றாக அலசாமல் வாயில் வைக்கக் கூடாது. அந்த நீரைக் குடித்துவிடும் ஆபத்தும் உண்டு என்பதால் டப்பாவைப் பேரன் பேத்திகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கிறேன். எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் உப்பு அதிகமாகையால் செட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்துவிடும். மாதம் ஒருமுறை, வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து சிறிது நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் அது போய்விடுகிறது.

வெளியே போகும்போது டப்பாவை எடுத்துச் செல்லாததற்கு 2019இல் ஒரு பாடம் படித்தேன். உறவினர் வீட்டுத் திருமணப் பந்தியில் கீழ் செட்டின் அடியில் ஒரு மிளகு மாட்டிக்கொண்டது. யாரும் பார்க்காமல் கழற்றி, காகிதக் கைக்குட்டையில் சுற்றி, இலையின் ஓரத்தில் வைத்துவிட்டுப் பாயசம் குடித்தேன். கை கழுவப் போய்த் திரும்பியபோது இலை எடுத்தாகிவிட்டது. மண்டபத்தின் பின்புறம், எச்சில் இலைகள் குவிந்த பெரிய தொட்டியின் முன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் நிற்க, இலை எடுக்கும் அம்மாள் ஒருவர், "என்ன தேடுறீங்க ஐயா, மோதிரமா?" என்று கேட்டார். வாயைத் திறந்து காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. குச்சி ஒன்றை எடுத்து, மேலிருந்து ஒவ்வோர் இலையாகப் புரட்டி, இருபதாவதோ முப்பதாவதோ இலைக்கடியில் அந்தக் காகிதப் பொட்டலத்தைக் கண்டெடுத்தார். கழுவுவதற்குத் தண்ணீரும் அவரே ஊற்றினார். காகிதத்தில் சுற்றிய பல்செட் குப்பைக்குத்தான் போகும். இப்போது சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சிறு டப்பா இருக்கிறது.

என் அக்காவின் நிலைமை வேறு. அவருக்கு இயற்கைப் பற்கள் பல உண்டு. இடையில் போன மூன்றுக்கு உலோகக் கிளிப் வைத்த செட். உலோகம் உள்ள செட்டை பிளீச்சிங் கரைசலில் போட்டால் கறுத்து அரித்துவிடும் என்பது அவருக்குப் பட்ட பிறகுதான் தெரிந்தது. கிளிப் பிடிக்கும் பல்லில் அழுக்கு தங்கிச் சொத்தை விழும் என்பதால் அந்தப் பல்லைத்தான் அவர் முதலில் துலக்க வேண்டும். கடித்து மாட்டும் பழக்கமும் கூடாது, கிளிப் நெளிந்துபோகும். ஒரே பல் வைத்த சின்னஞ்சிறு செட் போட்டிருப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அது தூக்கத்தில் விழுங்கப்படலாம். சாதாரண அக்ரிலிக் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது. அக்காவுக்குக் கண்புரை அறுவைக்குப் பின் வேறோர் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, மயக்க மருந்துக்கு முன் கழற்றி வாங்கிய செட் வார்டு மாறியதில் காணாமலே போயிற்று. அதன்பின் எங்கள் வீட்டு டப்பாக்கள் எல்லாவற்றிலும் பெயர் எழுதியிருக்கிறோம்.

செட் தளர்வது செட்டின் குற்றமன்று. பல் போன தாடையெலும்பு வாழ்நாள் முழுவதும் தேய்ந்துகொண்டே இருக்கும். முதல் ஆண்டில் வேகமாக, பிறகு மெதுவாக. மேல் தாடையைவிடக் கீழ்த் தாடையில் அதிகமாக. செட் மாறுவதில்லை, அது உட்காரும் இடம் மாறிவிடுகிறது. 2022இல் என் கீழ் செட் பேசும்போதே தூக்கிக்கொள்ளத் தொடங்கியது. நான் ஒட்டும் பவுடரை வாங்கி முதலில் சிட்டிகையாகவும் பிறகு கைநிறையவும் போட்டு ஆறு மாதம் ஓட்டினேன். ஒட்டும் பொருளைக் கொஞ்சமாகப் போடுவதில் தவறில்லை. நாளுக்கு நாள் கூட்டிப் போட வேண்டியிருந்தால் செட் பொருந்தவில்லை என்று பொருள். துத்தநாகம் கலந்த பசைகளை அளவுக்கு மீறி நெடுநாள் பயன்படுத்தியவர்களுக்கு உடலில் செப்புச் சத்துக் குறைந்து நரம்பு பாதித்ததும் உண்டு, ஆகவே வாங்கும்போது துத்தநாகம் இல்லாததாகப் பார்க்க வேண்டும். எனக்கு மருத்துவர் ரீலைன் செய்து கொடுத்தார். பழைய செட்டின் உட்புறத்திலேயே புதிதாக அச்சு எடுத்து ஓர் அடுக்கு ஏற்றுவது அது. புதுச் செட்டைவிடச் செலவு குறைவு.

கீழ்த் தாடையெலும்பில் இரண்டு இம்பிளான்ட், அதாவது திருகு போன்ற செயற்கை வேர், பதித்து அதன்மேல் செட்டை மாட்டிக்கொள்ளும் முறை மிகவும் உறுதியானது என்பதில் ஐயமில்லை. 2002இல் மான்ட்ரியலில் கூடிய வல்லுநர்கள் பல்லில்லாத கீழ்த் தாடைக்கு அதையே முதல் தெரிவாகப் பரிந்துரைத்தார்கள். என் ஓய்வூதியத்துக்கு அது எட்டவில்லை. வசதி குறைந்தவர்கள் சென்னையிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ, 2023இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரியையோ நாடலாம். அங்கே மாணவர்கள் பேராசிரியரின் கண்பார்வையில் செய்வதால் தடவைகள் கூடும். பொறுமை இருந்தால் அது குறையன்று.

சென்ற மாதம் ஆண்டுப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். மேல் செட் இன்னும் ஓரிரு ஆண்டு தாங்குமாம். கீழ் செட்டின் கடைவாய்ப் பற்கள் தேய்ந்து தட்டையாகிவிட்டன. தாடையும் மேலும் இறங்கிவிட்டது. தீபாவளி கழிந்து மறுபடியும் அச்சு எடுக்க வரச் சொல்லியிருக்கிறார். மெழுகுப் பல் பார்க்கும் நாளில் மனைவியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.